சைகோன் தாத்தாவின் பெயர் கிடைக்கும், பாஸ்போர்ட் கிடைக்குமா?

கடலூர் ஓ.டி.யிலிருந்து ஒரு வாசகி, பள்ளி ஆசிரியை, நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாத்தாவின் அப்பா, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாண்டியைச் சேர்ந்த பாகூரில் பிறந்தவர். 1910 வாக்கில், அதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறி, சுங்க இலாகாவில் எழுத்தராக இருந்து, 1934இல் அங்கேயே இறந்தாராம். ஒருமுறை விடுப்பில் வந்துபோன கணக்கில் 1912இல் பிறந்தவர் தாத்தா. அவர் பிழைப்புக்காகக் கடலூர் வந்து மளிகைக்கடை வைத்தார், 1971இல் காலமானார். வாசகியின் அப்பா 1949இல் பாகூரில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். வளர்ந்ததும் வாழ்ந்ததும் கடலூர். போன ஆண்டு அவர் இறந்தபின் பீரோவைக் கிளறியபோது, நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு அதிகாரி, பிரெஞ்சில் எழுதிய ஒரு பத்திரமும் கோட்டு தொப்பியுடன் ஒருவர் நிற்கும் ஸ்டுடியோ படமும் கிடைத்தன. அன்றிலிருந்து இரவு பதினொரு மணிக்குமேல் இணையத்தில் தாத்தாக்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதற்குள் பல பேர் புகுந்துவிட்டார்கள். பாண்டியில் ஒரு ஏஜென்ட், கொள்ளுத்தாத்தாவின் ‘நெசான்ஸ்’, அதாவது பிறப்புப் பதிவு, எடுத்தால் குடும்பம் முழுவதற்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்கிறார். ஒன்றரை லட்சம் ரூபாய், முன்பணம் இருபத்தைந்தாயிரம். தம்பி அதை நம்புகிறார். அதே தம்பி பாகூரில் இருக்கும் எண்பத்து நாலு வயது அத்தையிடம் போய், அவர் குடியிருக்கும் வீட்டிலும் இரண்டு காணி நஞ்சையிலும் தங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறார். அத்தை அன்றோடு டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார், பேச்சுவார்த்தை இல்லை. ரெயூனியன் தீவிலிருந்து ஒருவர், “நாம் உறவாக இருக்கலாம், மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்” என்று எழுதியிருக்கிறார். வாசகி ஒரு வம்சாவளித் தளத்தில் குடும்ப மரத்தையும் ஏற்றிவிட்டார், உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, கைபேசி எண்ணோடு.

“எங்கே தேடுவது? ஏஜென்டுக்குப் பணம் கட்டலாமா? அத்தை இருக்கும் சொத்தில் பங்கு உண்டா? எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பலாமா? பத்திரம் உதிர்கிறது, லேமினேஷன் செய்துவிடட்டுமா?” இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று தேடல்கள் ஒரே நூல்கண்டாகச் சிக்கிக்கிடக்கின்றன. தாத்தா யார் என்று அறிவது ஒன்று. பிரெஞ்சுக் குடியுரிமை இன்னொன்று. பாகூர்ச் சொத்து மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே காகிதம் போதும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் தம்பியும் ஏஜென்டும்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். அப்படி இல்லை. முதல் தேடலுக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் கிடைத்தாலே மகிழ்ச்சி. இரண்டாவதற்கு, பாண்டி சட்டப்படி இந்தியாவிடம் வந்த 1962இல் உங்கள் தாத்தா என்ன செய்தார் என்பது வேண்டும். மூன்றாவதற்குச் சொத்து யார் பெயரில், யார் அனுபவத்தில், எத்தனை காலமாக என்பது வேண்டும். ஒன்றின் விடை மற்றதற்கு உதவலாம், ஆனால் ஒன்றையொன்று நிரூபிக்காது.

முதல் ஆவணக் காப்பகம் அத்தைதான்

இணையத்துக்கு வருமுன் இதைச் சொல்லியாக வேண்டும். 1962இல் உங்கள் அத்தைக்கு இருபத்தொரு வயது. பாண்டி முழுக்க வீட்டுக்கு வீடு “ஆப்ஷன் எடுக்கிறதா, வேண்டாமா”, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள எழுதிக்கொடுப்பதா என்று பேசிய காலம் அது. எந்தச் சித்தப்பா கையெழுத்துப் போட்டார், யார் போடவில்லை, யார் சொல்தாவாக (பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக) போய்ப் பென்ஷன் வாங்கினார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். எந்த வலைத்தளத்திலும் இது ஏறாது. உங்கள் தம்பி முதல் வாயிலேயே பங்கு கேட்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டார்.

தம்பி இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள். முள்ளோடை தாண்டினால் அரை மணி நேரம். நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஸ்டுடியோ படத்தைக் கையில் கொடுத்து, “இது யார் அத்தை?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்: குலதெய்வம் எந்த ஊர், தலைக்கட்டு வரி யார் பெயரில் போனது, கொள்ளுத்தாத்தாவை வீட்டில் என்ன பெயரால் அழைத்தார்கள், கச்சேரியில் (அரசு அலுவலகத்தில்) என்ன பெயர் எழுதினார்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். தேடல் வெல்வதும் தோற்பதும் அதில்தான். வீட்டில் பெரியதம்பி, பதிவேட்டில் வேங்கடாசலம் என்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம்.

இன்னொன்றும் வரலாம். சைகோன் போனவர்கள் சிலருக்கு அங்கேயும் ஒரு குடும்பம் இருந்தது. அத்தை பெட்டியைப் பூட்டியதற்கு நிலம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றிரவே குடும்ப மரத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

பெயர் பற்றி ஓர் எச்சரிக்கை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். 1888இல் பிறந்த ஒரு முத்துவையும் அவருடைய தாத்தா முத்துவையும் ஒரே ஆளாக்கி, மனிதரை நூற்றிருபது வயது வாழவைத்த மரங்களை இணையத்தில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் தகப்பன் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்தினால்தான் கிளையில் சேருங்கள்.

இணையத்தில் எங்கே, எப்படி

நீங்கள் ஆறு மாதம் தேடியும் கிடைக்காததற்கு இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஆங்கிலத் தளங்களில் தேடியிருக்கிறீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடியிருக்கிறீர்கள்.

பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் போன்ற தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர், ஆங்கிலோ-இந்தியர் வழியைத் தேடுவோருக்கானவை. செயின்ட் டேவிட் கோட்டைச் சிப்பாய் அதிகாரியின் வாரிசுக்கு உதவும், உங்களுக்கு அல்ல. ஃபேமிலிசெர்ச் இலவசம், பயனுள்ள தளம். ஆனால் நம் பகுதிக்கு அதில் இருப்பவை பெரும்பாலும் கிறிஸ்தவத் திருமுழுக்கு, திருமணப் பதிவுகள். நீங்கள் போக வேண்டியது பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்துக்கு. அதை ‘ஆனோம்’ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

பாகூர்ப் பிறப்பு பிரான்சில் எப்படி என்று கேட்பீர்கள். குடியேற்றப் பகுதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் கூடுதலாக ஒரு பிரதி எழுதித் தாய்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776இலேயே பிரெஞ்சு அரசாணை. கப்பலில் போன அந்தப் பிரதிகள்தான் இன்று படமெடுத்து இணையத்தில் கிடப்பவை. பாண்டிச்சேரி, காரைக்கால் மட்டுமல்ல, சைகோன் அடங்கிய கொச்சின்சீனாவும் அதில் உண்டு. பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் பெயரை அடித்ததும் வந்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். பகுதி, ஊர், ஆண்டு தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஒரு சுருக்குவழி சொல்கிறேன்: முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் பதிவேட்டின் முடிவில் இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பட்டியலும் பிரெஞ்சு முறையில் உண்டு.

எழுத்துக்கூட்டு விஷயம் கொஞ்சம் பொறுமை கேட்கும். பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழி வழக்கில் எழுதினார். நாம் எம்-யு-டி-ஹெச்-யு என்று எழுதும் முத்து, அங்கே எம்-ஓ-யு, இரண்டு டி, ஓ-யு. ‘பிள்ளை’ என்பது பி-ஓ-யு, இரண்டு எல், இ, உச்சரித்தால் ‘பூல்லே’. சாமி என்பதன் சகரத்துக்கு முன் உயிரெழுத்து வந்தால் எஸ் இரட்டிக்கும். எனவே ராமசாமியில் இரண்டு எஸ் இருக்கும். உகரம் வருமிடமெல்லாம் ஓ-யு போட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர் மூன்று ஆண்டாகத் தேடியும் கிடைக்காத பாட்டனார், இந்த ஒரு மாற்றத்தில் பத்து நிமிடத்தில் கிடைத்தார். மனிதர் என் மேசையிலேயே அழுதுவிட்டார்.

பதிவு கிடைத்ததும் நடுவில் உள்ளதை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். ஒருவர் பின்னாளில் மணம் செய்தால் அதைப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்று 1897இல் சட்டம் வந்தது. வாசிக்க நாலு சொல் தெரிந்தால் போதும்: ‘நே’ என்றால் பிறந்தவர், ‘ஃபீஸ் தெ’ இன்னாரின் மகன், ‘வவ்’ விதவை, ‘தீ’ என்கிற. அந்த ‘என்கிற’வுக்குப் பின்னால் உங்கள் அத்தை சொல்லும் வீட்டுப் பெயர் ஒளிந்திருக்கலாம்.

சுங்க எழுத்தரைப் பிடிக்க இன்னொரு நல்ல இடம் காலிக்கா. பிரான்சின் தேசிய நூலகத்துடைய மின்னூலகம் அது. இந்தோசீனாவின் அரசிதழ்களும் ஆண்டு விவரப் புத்தகங்களும் அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. இலாகாவாரியாக ஊழியர் பெயர், பதவி போட்டிருப்பார்கள். நியமனம், மாற்றல், விடுப்பு, ஓய்வு எல்லாம் அரசிதழில் வரும். அச்செழுத்து என்பதால் இங்கே பெயரை அடித்துத் தேடலாம். 1910 முதல் 1934 வரை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தால், எந்த ஆண்டு சைகோனில், எந்த ஆண்டு உள்ளூரில் என்று ஒரு வாழ்க்கையே கிடைத்துவிடும். 1934 இறப்புப் பதிவு ஆனோமின் படங்களில் இல்லாவிட்டால், நாந்த் நகரில் உள்ள வெளியுறவு அமைச்சகத்தின் மத்தியப் பதிவகத்துக்கு இணையவழியே விண்ணப்பியுங்கள். நகல் இலவசம். அதற்கும் ஏஜென்டுகள் ஐயாயிரம் வாங்குகிறார்கள்.

கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1914 யுத்தத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மெம்வார் தேஸ் ஓம்’ தளத்தில் அந்தப் போரில் நாட்டுக்காக உயிரிழந்தோரின் அட்டைகள் இருக்கின்றன. பிறந்த ஊர், படைப்பிரிவு, இறந்த நாள் விவரத்தோடு. இல்லையென்றால் அவர் போரில் இறக்கவில்லை, வேறெங்கோ தங்கிவிட்டார் என்றும் இருக்கலாம்.

இங்கே உள்ளூரில்: ஆனோமில் இல்லாத பிரதி பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆண்டையும் தகப்பன் பெயரையும் எழுதி நேரில் மனுக் கொடுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. அதன் ‘அபிலேக் படல்’ தளத்தில் முதலில் தேடிவிட்டுப் போங்கள். கடலூர்ப் பக்கம் பழைய பிறப்புப் பதிவுகளை இணையத்தில் எதிர்பார்க்க வேண்டாம். அப்பா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அதைவிட நம்பகம்; தாத்தாவின் தொழிலும் அப்போதைய முகவரியும்கூட அதில் இருக்கக்கூடும்.

பாஸ்போர்ட் கேள்வி

இங்கேதான் உங்கள் குடும்பம் பணம் இழக்கப்போகிறது என்பதால் நேராகச் சொல்கிறேன். கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தார் என்பதை யாரும் மறுக்கவில்லை. ‘நெசான்ஸ்’ கிடைத்தால் அது மட்டும்தான் உறுதியாகும். பிரச்சினை அங்கே இல்லை.

1954 நவம்பர் 1இல் பாண்டி, காரைக்கால் முதலான பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஒப்படைப்பு, 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோதுதான். அந்தப் பகுதிகளில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுத்தில் விருப்பம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். நம் ஊரில் ‘ஆப்ஷன்’ என்று இன்றும் பேசுவது இதைத்தான். அப்போது உங்கள் கொள்ளுத்தாத்தா உயிரோடு இல்லை. முடிவு உங்கள் தாத்தா கையில் இருந்தது. உங்கள் அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. மைனர் பிள்ளை தகப்பன் வழியே போவார். ஆக, ‘கொள்ளுத்தாத்தா எங்கே பிறந்தார்’ என்பதை விட்டுவிட்டு, ‘கடலூரில் மளிகைக்கடை வைத்திருந்த தாத்தா 1963 பிப்ரவரிக்குள் கையெழுத்துப் போட்டாரா’ என்று கேளுங்கள். பீரோவில் அப்படி எதுவும் இல்லை, குடும்பத்தில் யாரும் சொன்னதும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போட்டிருந்தாலும் அடுத்த மதில் ஒன்று உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இப்படிப் போகிறது: முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் நிலைத்திருந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்குக் குடியுரிமையைக் கடத்தக்கூடிய தாய் அல்லது தகப்பனும் இடையில் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்படவே இல்லை என்றால், வம்சவழியில் நிரூபிக்கும் வாய்ப்பே மூடிவிடும். நடத்தப்படுவது என்றால் பிரெஞ்சு பாஸ்போர்ட், கான்சலேட் பதிவு, ஓட்டுரிமை, ராணுவப் பதிவு போன்றவை. 1962 ஆகஸ்டிலிருந்து கணக்கிட்டால் அந்த ஐம்பது ஆண்டு 2012இலேயே முடிந்துவிட்டது. உங்கள் அப்பா எழுபத்தைந்து வயதுவரை இந்திய வாக்காளர், இந்திய ரேஷன் அட்டைதாரர். எனவே நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை.

முயன்றே தீருவது என்றால், ஏஜென்ட் இல்லாமல் பாண்டியில் உள்ள பிரெஞ்சு கான்சலேட்டுக்கு எழுதி, தாத்தா பெயரில் ஆப்ஷன் பதிவு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்ற பதில் வந்தால் மட்டும் மேலே பேசலாம். பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழைத் தருவது பாரிஸ் நீதிமன்றம். கான்சலேட்டில் ‘ஆள் தெரியும்’ என்று சொல்பவருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ‘பதிவேட்டில் பெயர் ஏற்றித் தருகிறேன்’ என்பவர் உங்களைப் பொய் ஆவண வழக்கில் இழுத்துவிடுவார். பிரான்சு பக்கம் மூலப் பிரதி இருப்பதால் போலி சுலபமாகப் பிடிபடும். இன்னொன்றையும் தம்பிக்குச் சொல்லுங்கள்: இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பது ஏஜென்ட் வீட்டுச் சட்டம்.

பாகூர்ச் சொத்து

இணையத்தில் வரைந்த குடும்ப மரம் நீதிமன்றத்தில் பாத்தியத்தை நிரூபிக்காது. தகராறு தோன்றுமுன் குடும்பப் பெரியவர்கள் சொன்னது, எழுதியது உறவுமுறைக்குச் சாட்சியமாகலாம். முப்பது ஆண்டு கடந்த ஆவணம் முறையான இடத்திலிருந்து வந்தால் அதன் கையெழுத்தை உண்மையென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சண்டை வந்தபின் நீங்கள் போட்ட மரத்துக்கு அந்த மதிப்பு இல்லை.

‘பூர்வீகச் சொத்து, ஆகவே பிறப்பாலேயே பங்கு’ என்று தம்பி சொல்வது கடலூரில் பழகிய சட்டம். பிரெஞ்சுக் காலப் பாண்டியில் நீதிமன்றங்கள் ஏற்ற இந்து வழக்காறு வேறு. தகப்பனே முழு உரிமையாளர், மகனுக்குப் பிறப்பால் பங்கில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்தது 1963 அக்டோபரில். ரெனோன்சான் குடும்பமென்றால் கணக்கு இன்னும் வேறு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சாதி, மத வழக்கைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, நிரந்தரக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களைத் தொடாது. உங்கள் வீட்டில் குடும்பப் பெயர் எதுவும் தொடராததால் நீங்கள் அந்த வகை இல்லை என்றே நினைக்கிறேன். கொள்ளுத்தாத்தாவின் பதிவு கிடைத்தால் உறுதியாகிவிடும்.

இவையெல்லாம் இருக்க, தீர்மானிக்கப்போவது காலம். அத்தை அந்த வீட்டில் எத்தனை ஆண்டாக, யார் பெயரில் வரி கட்டி இருக்கிறார்? உங்கள் அப்பா உயிரோடிருந்த வரை ஏன் கேட்கவில்லை? பங்கு மறுக்கப்பட்டது தெரிந்து பன்னிரண்டு ஆண்டு சும்மா இருந்தால் காலாவதி குறுக்கே நிற்கும். வழக்குப் பேச்சுக்கு முன் புதுச்சேரி அரசின் ‘நிலமகள்’ தளத்தில் பட்டாவும் செட்டில்மென்ட் நகலும் எடுங்கள், பத்திரப் பதிவகத்தில் வில்லங்கம் போடுங்கள். அத்தைக்கே தாத்தா எழுதிக்கொடுத்திருந்தால், நீங்கள் கேட்காத கேள்விக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்கள் தம்பி.

ரெயூனியன் உறவும் எச்சில் குப்பியும்

அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் பாண்டி, காரைக்கால் துறைகளிலிருந்து கூலிகள் ஏராளமாக ரெயூனியனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போனார்கள். ரெயூனியனுக்கு ஆளெடுப்பதை பிரிட்டிஷ் அரசு 1882இல் நிறுத்தியது. ஆனால் அவருடைய முன்னோர் போனது அந்தக் காலம், உங்கள் கொள்ளுத்தாத்தா போனது வேறு திசை. உறவு இருந்தால் அதற்கும் ஒரு தலைமுறை முன்னே இருக்க வேண்டும். முன்னோரின் பதிவெண், தகப்பன் பெயர், சொந்த ஊர் எழுதிய நகலைக் கேளுங்கள். ‘பாகூர்’ என்று அதில் இருந்தால் பேச்சைத் தொடரலாம். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ராமசாமிகளுக்கு அங்கே பஞ்சமில்லை.

வம்சாவளிக்காகத் தனியாரிடம் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். 3,750 யூரோ வரை அபராதம். ரெயூனியன் பிரான்சின் ஒரு பகுதி. அவர் உங்களைச் செய்யச் சொல்கிறாரே தவிர, அவரே அங்கே முறையாகச் செய்துகொள்ள முடியாது. நம் நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் உங்கள் எச்சில் உங்கள் தம்பி, பிள்ளைகள், அத்தை எல்லோரையும் பற்றிப் பேசும். அவர்களைக் கேட்காமல் நீங்கள் கையெழுத்திடுவீர்கள். 2023இல் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சுமார் 69 லட்சம் பேரின் வம்சாவளி விவரம் திருடு போனது. நான் துப்பமாட்டேன். நீங்கள் முடிவுசெய்யுங்கள்.

மரத்தில் உயிரோடிருப்பவர்களின் தேதியையும் எண்ணையும் இன்றே எடுத்துவிடுங்கள். தாயின் பெயர், பிறந்த தேதி கேட்டுத்தான் வங்கிக்காரர்கள் ஆளை உறுதிசெய்கிறார்கள். மோசடிக்காரர்களுக்கும் அதே இரண்டு போதும்.

பத்திரத்தை லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சூடு பட்டால் பழைய மை ஓடும், பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்க முடியாது, முத்திரை மேடு தட்டையாகிவிடும். மடிப்பை விரித்து இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒரு அட்டைக் கோப்பில் வையுங்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நகல்தான். பிரெஞ்சு வழக்கில் கையெழுத்திட்ட அசலை நொத்தேரே வைத்துக்கொள்வார். அதனால் முதல் பக்கத் தலைப்பில் இருக்கும் நொத்தேர் பெயரும் தேதியும்தான் முக்கியம். பகல் வெளிச்சத்தில், நாலு ஓரமும் தெரிய, இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். அந்தப் பெயரை வாசித்துச் சொல்கிறேன். மீதியை மொழிபெயர்க்கக் கொடுக்கலாமா என்று பிறகு பார்ப்போம்.